வடதிசை டிராகன்களும் அவற்றின் பட்டப்பெயர்களும்: 'வர்ம்ஸ் ஆஃப் தி நார்த்' தொடர் – ஒரு மதிப்புரை

பகடை உருட்டி, கதாபாத்திரங்களாகக் கதை நடத்தி ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை ஆடுபவர்களுக்கென வெளிவந்த 'டிராகன்' மாத இதழில், 1996ஆம் ஆண்டு தொடங்கி 1990களின் இறுதி வரை எட் கிரீன்வுட் எழுதிய தொடர்தான் 'வர்ம்ஸ் ஆஃப் தி நார்த்'. 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' என்னும் கற்பனை உலகத்தைப் படைத்தவரே கிரீன்வுட். 1987இல் பெட்டித் தொகுப்பாக வெளியான அந்த உலகம், இன்று வரை இந்த விளையாட்டின் மிகப் பரவலான களங்களில் ஒன்றாக நிலைத்திருக்கிறது. தொடரின் ஒவ்வொரு கட்டுரையும் அந்த உலகத்தின் வடபகுதியில் வாழும் ஒரு டிராகனை எடுத்துக்கொள்கிறது. அதன் குகை, ஆளும் எல்லை, செய்த செயல்கள், கையிலுள்ள மந்திரங்கள், இனி அதற்கு நேரக்கூடியது என்று வரிசையாகச் சொல்லிச் செல்கிறது. தலைப்பில் இரண்டு பெயர்கள் நிற்கும். முதலாவது டிராகன் தன் மொழியில் தனக்கு வைத்துக்கொண்ட இயற்பெயர். இரண்டாவது, அதன் நிழல் விழும் ஊர்களில் மக்கள் அதற்கு வழங்கும் பட்டப்பெயர். டன்ஜன் மாஸ்டராக, அதாவது ஆட்டக் கதையை நடத்துபவராக, அமரும்போதெல்லாம் நான் மீண்டும் மீண்டும் எடுத்துப் புரட்டுவது இந்தத் தொடரைத்தான். காரணம் அந்த இரண்டாவது பெயர். டிராகனுக்குப் பட்டப்பெயர் சூட்டும் வேலையை இவ்வளவு பொறுப்புடன் செய்த இன்னொரு வெளியீட்டை நான் இதுவரை கண்டதில்லை.

இயற்பெயர்கள் எப்படிப்பட்டவை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சாரிண்டலாக்லோத்தோர், கிளாகியிலியாமட்டார், வோராகமந்தார் என்று அவை நீள்கின்றன. டிராகன்கள் பேசும் மொழியின் கரடுமுரடான ஓசையைக் காட்ட வேண்டும் என்பது கிரீன்வுட்டின் நோக்கம்; வாசிக்கும்போது அந்த நோக்கம் நன்றாகவே நிறைவேறுகிறது. ஆனால் ஆட்ட மேசையில் ஐந்து பேர் உட்கார்ந்து பகடை உருட்டும்போது, "கிளாகியிலியாமட்டார் எங்கே இருக்கிறாள்?" என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்தப் பெயரை உச்சரித்துப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். கதைக்குள் வாழும் உழவருக்கும் வண்டிக்காரருக்கும் இதே நிலைதான். காட்டின் மேல் பறந்து போவது தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறது என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. தங்கள் கண்ணில் பட்டதை வைத்துத்தான் அவர்கள் அதற்குப் பெயரிட முடியும். கிரீன்வுட் இதை நன்கு உணர்ந்திருந்தார். அதனால் அவருடைய பட்டப்பெயர்கள் பெரும்பாலும் யாரோ ஒருவர் எங்கோ நின்று கண்டதாகவும், கண்டதைப் பாதி புரிந்துகொண்டதாகவும் அமைந்திருக்கின்றன. இனி வரும் பட்டப்பெயர்களை எங்கள் குழுவில் வழங்கும் தமிழ் வடிவத்திலேயே தருகிறேன்.

கிளாகியிலியாமட்டாரையே எடுத்துக்கொள்வோம். வாட்டர்டீப் நகருக்கு வடகிழக்கே உள்ள கிரிப்ட்கார்டன் காட்டில் வாழும் மிக முதிய பச்சை டிராகன் இவள். மக்கள் இவளை 'எலும்புகடிக் கிழவி' என்கிறார்கள். கடித்துக் குதறிய பிணம் வாயிலிருந்து தொங்கத் தொங்க அவள் திரிவதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. இந்தப் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஆட்டக்காரர் மனத்தில் ஓர் உருவம் எழுகிறது. மூப்பில் மூளை மழுங்கி, எலும்பைச் சப்பிக்கொண்டு கிடக்கும் ஒரு பழைய மிருகம் என்றே அவர் எண்ணுவார். கட்டுரைக்குள் போனால் வேறொருத்தியைச் சந்திக்கிறோம். தொலைநோக்கும் படிகக் கோளங்களை வைத்துக்கொண்டு, மனிதர்களின் நடமாட்டத்தைக் காட்டுக்குள் இருந்தபடியே கவனித்து வரும் கூர்மையான உளவாளி இவள். பட்டப்பெயர் பொய் சொல்லவில்லை; அவள் வாயில் எலும்பு இருப்பது உண்மை. ஆனால் அந்த உண்மை கேட்பவரின் கவனத்தை வாயின் பக்கம் இழுத்துக்கொண்டு, அவளுடைய கண்களை மறைத்துவிடுகிறது. காட்டின் ஓரத்து விடுதியில் ஒரு கிழவர் "எலும்புகடிக் கிழவி இந்தப் பக்கம் வந்து வெகுநாளாயிற்று" என்று சொல்வதைக் கேட்டு நிம்மதியாகக் காட்டுக்குள் நுழையும் குழு, தாங்கள் விடுதியில் பேசிய ஒவ்வொரு சொல்லையும் அவள் அறிந்திருப்பதை உணரும் கணம், எந்தப் போர்க் காட்சிக்கும் குறைந்ததில்லை. அந்தக் கணத்துக்கு வேண்டிய சரக்கு முழுவதையும் ஒரு பட்டப்பெயரும் ஒரு கட்டுரையும் சேர்ந்து கொடுத்துவிடுகின்றன.

வோராகமந்தாரின் கட்டுரை இதைவிடவும் நுட்பமானது. தொடரிலேயே தலைசிறந்தது எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். சோர்ட் கோஸ்ட் கடற்கரையை ஒட்டிய 'செத்தவர் சதுப்பு' என்னும் பரந்த சேற்று நிலத்தில் வாழும் இந்தக் கருப்பு டிராகனுக்குக் 'கருஞ்சாவு' என்று பெயர். பெயரில் விசேஷம் எதுவும் இல்லை. கருப்பு டிராகனுக்கு எவரும் வைத்துவிடக்கூடிய பெயர்தான். மறைந்திருக்கும் செய்தி வேறு. கருஞ்சாவு ஒன்றல்ல, இரண்டு. வோராகமந்தாருக்கு வேர்வேரெண்டோர் என்று ஓர் இரட்டைச் சகோதரன் உண்டு. உலகம் தங்களை ஒரே டிராகன் என்று எண்ணுமாறு இருவரும் சேர்ந்து நடந்துகொள்கிறார்கள். ஆக, ஊரார் வைத்த அந்த ஒற்றைப் பெயரே டிராகன்களின் கவசமாகிவிடுகிறது. சதுப்பின் வடகோடியில் ஒருவர் காலையில் கருஞ்சாவைக் கண்டதாகச் சொல்வார். அதே காலையில் தென்கோடியில் கண்டதாக இன்னொருவர் சொல்வார். கேட்பவர்கள் அதற்கு இடம்விட்டு இடம் பாயும் மந்திரம் தெரியும் என்று முடிவுகட்டுவார்கள். காயம்பட்டதாகக் கேள்விப்பட்டது மறுநாளே காயமின்றிப் பறந்தால் அதற்குச் சாவே கிடையாது என்று நம்பிவிடுவார்கள். இரண்டு பெயர்கள் இருந்திருந்தால் இந்தப் பிழை பிறந்திருக்காது. நான் இதை நடத்தும்போது சதுப்பை ஒட்டிய ஊர்களில் எவர் வாயிலிருந்தும் 'கருஞ்சாவு' என்ற சொல்லைத் தவிர வேறு பெயரே வராதபடி பார்த்துக்கொள்கிறேன். வோராகமந்தார் என்ற இயற்பெயரை யாராவது ஒரு பழைய ஏட்டில் கண்டுபிடித்தால், அடுத்த பக்கத்தில் இரண்டாவது இயற்பெயரும் இருக்கும்படி வைத்துவிடுவேன். அதைக் கண்டதும் ஆட்டக்காரர்களின் முகம் மாறுவதைப் பார்ப்பதற்காகவே இந்தக் கட்டுரையை வாங்கலாம்.

நல்ல டிராகன்களுக்குப் பெயரிடுவது கொடியவற்றுக்குப் பெயரிடுவதைவிடக் கடினம். பயத்திலிருந்து பெயர் தானாகப் பிறக்கும். நன்றியிலிருந்து அவ்வளவு எளிதில் பிறப்பதில்லை. பல வெளியீடுகள் இங்கே 'பொற்காவலன்', 'வெள்ளிச் சிறகு' என்று நிறத்தைச் சொல்லி ஒதுங்கிக்கொள்கின்றன. கிரீன்வுட்டிடம் இரண்டு நல்ல எடுத்துக்காட்டுகள் உள்ளன. வாட்டர்டீப்பின் பிரபுக் குடும்பங்களில் ஒன்றான சில்மர்ஹெல்வ் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்துக் காத்துவரும் வெண்கல டிராகன் நிம்மர், 'பார்த்திருப்பவன்' என்று அழைக்கப்படுகிறான். காப்பவன் என்று சொல்லாமல் பார்த்திருப்பவன் என்று சொல்லியிருப்பதில் ஒரு சிறு அச்சமும் கலந்திருக்கிறது. உங்கள் வீட்டை ஒரு டிராகன் நூறாண்டுகளாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்றால், அது அன்பினால்தான் என்று தெரிந்திருந்தாலும் இரவில் சன்னல் கதவைச் சாத்தத்தான் தோன்றும். இரண்டாமவன் பலராண்டஸ்க் என்னும் பொன் டிராகன். இவனுக்குச் 'சூரிய டிராகன்' என்றும் 'கண்ணுக்குத் தெரியாத காவலன்' என்றும் இரண்டு பட்டப்பெயர்கள். ஒரு பெயரில் அவன் ஒளியோடு கண்முன் நிற்கிறான், மற்றதில் மறைந்துவிட்டான். ஒரே ஊரில் பாட்டி ஒரு பெயரையும் பேரன் மற்றொரு பெயரையும் சொல்லுமாறு நடத்தினால், ஒரு நீண்ட வரலாற்றை ஒரு வரியும் விளக்காமல் உணர்த்திவிடலாம்.

பட்டப்பெயர் அறிஞர்களிடமிருந்து வருவதும் உண்டு. எல்டென்சர் என்னும் செவ்வந்திக்கல் டிராகனுக்கு 'வாளுக்குள் ஒளிபவன்' என்று பெயர். அவனுடைய உடல் எங்கோ பாதுகாப்பாகக் கிடக்க, உயிர் மட்டும் வாள்களுக்குள் புகுந்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறி உலகத்தைச் சுற்றி வருகிறது. உழவர் எவரும் இதைக் கண்டு பெயரிட்டிருக்க முடியாது. மந்திரம் பயின்ற யாரோ ஒருவர் துப்புத் துலக்கியே இந்தப் பெயரை எழுதி வைத்திருக்க வேண்டும். ஆகவே ஆட்டத்திலும் இதை விடுதிப் பேச்சாகக் கொடுப்பது பொருந்தாது. நூலகத்திலோ, ஒரு பழைய வாளை மதிப்பிடும் வணிகரிடமோதான் இது வெளிப்பட வேண்டும். பெயர் யார் வாயிலிருந்து வந்திருக்கும் என்று யோசித்தாலே, அதை ஆட்டத்தில் எங்கே வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. இந்தத் தொடரை ஊன்றிப் படிப்பதால் கிடைக்கும் பெரிய பயன் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆர்வேயட்டுரேஸ் பற்றியும் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும். பனிக்கடலின் மேல் பறந்து வேட்டையாடும் இந்த வெள்ளை டிராகனின் முதுகில் ஒரு சேணம் இருக்கிறது. அதில் மெல்தரொண்ட் என்னும் மந்திரவாதி அமர்ந்திருக்கிறான். அவன் இறந்து வெகுகாலமாகிறது. தன் தோழனின் உடலை இறக்கி வைக்க மனமில்லாமல் அவள் அவனைச் சுமந்தே பறக்கிறாள். டிராகன் கதைகளில் இதைப் போல மனத்தைப் பிசையும் படிமம் அதிகம் இல்லை. ஆனால் கிரீன்வுட் இவளுக்குத் தந்த பட்டப்பெயர் 'பனிநகம்'. வெள்ளை டிராகன் எதற்கும் ஒட்டக்கூடிய, எதையும் சொல்லாத பெயர். இறந்தவனைச் சுமப்பவள் என்று பொருள்படும் ஒரு பெயரை அந்தக் கரையோர மீனவர்கள் அவளுக்கு வைத்திருக்க மாட்டார்களா? சவாரி செய்பவன் அசையவே இல்லை என்பதை ஒருவராவது கவனித்திருப்பாரே! தொடரின் மிகச் சிறந்த படைப்புகளில் ஒன்றுக்கு மிகச் சாதாரணமான பட்டப்பெயர் வாய்த்திருப்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

சாதாரணமான பெயர்கள் இன்னும் பல உண்டு. அவற்றை மறைத்துப் பேசுவது வாசகருக்கு நியாயமாகாது. தொடரை ஒரே மூச்சில் படித்தால் சில சொற்கள் திரும்பத் திரும்ப வருவது கண்ணை உறுத்துகிறது. பலராண்டஸ்க் 'கண்ணுக்குத் தெரியாத காவலன்' என்றால், மலேரகோத் என்னும் நீலமணி டிராகன் 'கண்ணுக்குத் தெரியாத டிராகன்'. வோராகமந்தார் 'கருஞ்சாவு' என்றால், அராதட்டோர் என்னும் வெள்ளை டிராகன் 'கிழட்டு வெண்சாவு'. கிழவி ஒருத்தி, கிழவர் இருவர் என்று மூப்பைச் சொல்லும் பெயர்களும் அடுக்கடுக்காக வருகின்றன. மாதத்துக்கு ஒன்றாக இதழில் வாசித்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது. ஒரே கேம்பெயினில், அதாவது ஒரே நீண்ட ஆட்டத் தொடரில், நான்கைந்து டிராகன்களை இறக்க நினைக்கும் டன்ஜன் மாஸ்டருக்கு இது உண்மையான இடைஞ்சல். எந்தச் சாவு எந்தச் சாவு என்று ஆட்டக்காரர்கள் குழம்பிவிடுவார்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றிவிடுவதே வழி.

இடப்பெயரைச் சேர்த்துக் கட்டிய பட்டங்கள் இந்தக் குழப்பத்துக்கு இடம் தருவதில்லை. ஹூண்டார் என்னும் சிவப்பு டிராகன் 'மிண்டார்னின் செஞ்சினம்' ஆவான்; மிண்டார்ன் என்பது தீவு. தீவின் பெயரைத் தன் பட்டத்துக்குள் வைத்திருக்கும் டிராகனுக்கும் அந்தத் தீவுக்கும் இடையே என்ன உறவு இருக்கும் என்று எவரும் விளக்கத் தேவையில்லை. மோர்னாகுத் 'மேட்டுப்புல்வெளி டிராகன்' என்று அழைக்கப்படுகிறாள். வறண்ட பெயராகத் தோன்றும். ஆனால் அவள் ஒருகாலத்தில் ஷார் என்னும் இருட்தெய்வத்தின் மனிதப் பூசாரியாக இருந்து பின்னர் டிராகன் உடலுக்குள் தள்ளப்பட்டவள் என்பதை அறிந்தபின், அந்த வறட்சியே பொருத்தமாகிவிடுகிறது. அவள் யாராக இருந்தாள் என்பது ஊராருக்குத் தெரியாது. எங்கே திரிகிறாள் என்பது மட்டுமே தெரியும்.

பழக்கவழக்கத்தால் பெற்ற பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஃபெல்கொலோஸின் பெயர். போகுமிடமெல்லாம் ஏதாவது ஒரு கெடுதலில் மாட்டிக்கொள்ளும் இந்த வெண்கல டிராகன் 'பறக்கும் பீடை' என்று பெயரெடுத்திருக்கிறான். நல்லவன்தான், இருந்தாலும் அவன் வருகிறான் என்றால் ஊரார் கூரையைச் சரிபார்க்கிறார்கள். மணிக்கற்கள் மின்னும் உடலோடு திரியும் படிக டிராகன் சாரிண்டலாக்லோத்தோர் 'மணிப்போர்வைச் சீமாட்டி'; மனிதர் பாட்டில் மனத்தைப் பறிகொடுத்த நீல டிராகன் ஒலோதொண்டோர் 'பாணர் டிராகன்'. அச்சம் தரும் பெயர்களுக்கு நடுவே இப்படிப்பட்டவை வருவதால்தான் அந்த வடதிசை நிலம் உயிருள்ள ஊராகத் தெரிகிறது. எல்லா டிராகனும் அழிவாகவும் சாவாகவும் மட்டுமே இருந்தால், அந்தப் பெயர்களுக்கு மதிப்பு என்ன?

ஒரே டிராகனுக்குப் பல பெயர்கள் இருப்பது எவ்வளவு பயனுள்ளது என்பதை இம்ரித்தின் கதை காட்டுகிறது. அனோராக் பாலைவனத்தின் விளிம்பில், ஆஸ்கோர் என்னும் பழைய குள்ளர் நகரத்தின் இடிபாடுகளில் வாழும் நீல டிராகனாகக் கிரீன்வுட் இவளை அறிமுகப்படுத்தினார். கல்லால் ஆன கார்காயில்கள் என்னும் சிறகுள்ள சிலை உயிர்களைக் காவலுக்கு வைத்திருப்பதால் 'சிலைகளின் டிராகன்' என்பது இவளுடைய பட்டம். 2016இல் விளையாட்டின் வெளியீட்டாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வெளியிட்ட 'ஸ்டார்ம் கிங்ஸ் தண்டர்' என்னும் சாகச நூல் இவளையே தலைமைப் பகையாக்கிப் 'பாலையின் அழிவு' என்ற பெயரையும் தந்து, நூலின் கடைசியான பன்னிரண்டாம் அத்தியாயத்துக்கு அந்தப் பட்டத்தையே தலைப்பாகவும் வைத்தது. அந்த நூலில் இம்ரித் புயல் அரக்கர் உருவெடுத்து அவர்களுடைய அரசவைக்குள்ளேயே இருக்கிறாள். ஆட்டக்காரர்களோ பாலைவனத்தில் ஓர் அழிவு இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தொலைவில் எங்கேயோ தேடிக்கொண்டிருப்பார்கள். பெயரில் உள்ள இடம் அவர்களைத் திசைமாற்றி அனுப்புகிறது. இரண்டு பட்டங்களையும் வெவ்வேறு ஊர்களில் கொடுத்து, அவை ஒரே டிராகனைக் குறிப்பவை என்பதை ஆட்டக்காரர்களே கண்டுபிடிக்குமாறு விட்டால் நூலின் முதற்பாதி மிகவும் வலுப்பெறும். நூல் தானாக அப்படிச் செய்வதில்லை. இரண்டையும் பெரும்பாலும் அழகுக்குச் சேர்த்த அடைமொழிகளாகவே விட்டுவிடுகிறது.

பின்வந்த நூல்கள் பொதுவாகவே இந்த இடத்தில் சறுக்குகின்றன. அதே 2016 நூலில் எலும்புகடிக் கிழவியும், 'உறுமல் கிழவன்' என்று பெயர்பெற்ற கிளாத் என்னும் சிவப்பு டிராகனும், பறக்கும் பீடையும் வருகிறார்கள். 2014இன் 'தி ரைஸ் ஆஃப் டியாமட்' நூலில் அராதட்டோரும் நிம்மரும் வருகிறார்கள். ஆர்வேயட்டுரேஸ் 2020இல் வெளியான 'ரைம் ஆஃப் தி ஃப்ராஸ்ட்மெய்டன்' நூலில் தன் தோழனின் உடலோடு பறக்கிறாள். கிரீன்வுட்டின் டிராகன்கள் இருபதாண்டுகள் கழித்தும் புதிய தலைமுறையைச் சென்றடைவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் பட்டப்பெயர் இப்போது இயற்பெயருக்குப் பின்னே மேற்கோள் குறிக்குள் ஒட்டவைத்த சீட்டாகிவிட்டது. யார் வைத்தார்கள், எதைக் கண்டு வைத்தார்கள் என்ற செய்தி பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. அந்தச் செய்தியை மீட்டெடுக்கத்தான் பழைய தொடருக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. புதிய நூல்களை வைத்து ஆடுபவர்களுக்கும் இந்தத் தொடரைப் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் அதுவே.

பட்டப்பெயர் ஊராரின் உடைமையாகி, பிறகு டிராகனையே விட்டு விலகிப் போவதும் உண்டு. கிரீன்வுட்டின் உலகத்திலேயே, இந்தத் தொடருக்கு வெளியே, கோர்மிர் நாட்டில் தாக்லொரிமோர்கொரஸ் என்னும் கருப்பு டிராகன் வாழ்ந்தது. மூப்பில் அதன் செதில்கள் ஊதா நிறத்துக்கு வெளுத்துப் போயின. 'ஊதா டிராகன்' என்ற பெயர் அப்படி வந்ததே. பிற்காலத்தில் அந்த நாட்டின் சின்னமும் ஊதா டிராகன், அதன் படைவீரர்களுக்கும் ஊதா டிராகன்கள் என்று பெயர். காட்டை ஆண்ட பகைவனின் பெயரை அந்த நாடு தன் படைக்குச் சூட்டிக்கொண்டது. வடதிசைத் தொடரில் இத்தகைய தொலைநோக்கு உள்ள பெயர் ஒன்றுகூட இல்லை என்பது என் குறை. ஒரு டிராகனின் பட்டப்பெயரை ஒரு விடுதியாவது, ஒரு கப்பலாவது, ஒரு திருவிழாவாவது தாங்கியிருப்பதைக் கட்டுரைகள் இன்னும் அதிகமாகக் காட்டியிருக்கலாம். மந்திரப் பொருள்களின் பட்டியலுக்கும் புதிய மந்திரங்களின் விவரத்துக்கும் ஒதுக்கிய இடத்தில் பாதி இதற்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

நடைமுறைச் செய்திகளுக்கு வருகிறேன். கட்டுரைகள் அந்தக் காலத்து இரண்டாம் பதிப்பு விதிகளின்படி எழுதப்பட்டவை. அதிலுள்ள எண்களை இன்றைய ஆட்டத்துக்கு அப்படியே எடுத்தாள முடியாது. அது பெரிய தடையில்லை. பச்சை டிராகனுக்குரிய எண்களை இன்றைய விதிநூலிலிருந்து எடுத்துக்கொண்டு, ஆளையும் பெயரையும் மட்டும் தொடரிலிருந்து எடுத்தால் வேலை முடிந்தது. மூன்றாம் பதிப்பு வந்தபின் வெளியீட்டாளரே இவற்றைப் புதிய விதிகளுக்கேற்ப மாற்றி இணையத்தில் தந்ததும் உண்டு. பழைய இதழ்களைத் தனித்தனியே வாங்கிச் சேர்ப்பது செலவு பிடிக்கும் வேலை. 1999இல் ஐந்து குறுந்தகடுகளாக வெளிவந்த டிராகன் இதழ்த் தொகுப்பு முதல் 250 இதழ்களோடு நின்றுவிடுவதால் தொடரின் பின்பகுதி அதில் கிடைக்காது. வோராகமந்தாரின் கட்டுரை அந்த விடுபட்ட பகுதியில் இருக்கிறது என்பதை வாங்குபவர்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. கிரீன்வுட்டின் உரைநடையும் சிலருக்குப் பழகச் சற்று நேரமெடுக்கும். ஒரு வாக்கியத்துக்குள் மூன்று ஊர்ப்பெயர்களையும் இரண்டு அரசமரபுகளையும் செருகிவிடுவது அவர் வழக்கம். வடதிசையின் நிலப்படம் ஒன்றைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படித்தால் சிரமம் பாதியாகக் குறையும்.

தொடர் முழுவதையும் படிக்க நேரமில்லாதவர்கள் எலும்புகடிக் கிழவியில் தொடங்கலாம். ஒரே ஒரு காட்டை வைத்து ஓர் ஆட்டத் தொடரையே நடத்தப் போதுமான பொருள் அதில் இருக்கிறது. அடுத்து கருஞ்சாவு. நிம்மரைப் படித்தால் நகரத்துக்குள் நடக்கும் கதைகளுக்கு ஒரு பெரிய நிழல் கிடைக்கும். 'ஊர்ந்துவரும் அழிவு' எனப்படும் டார்கொதோத், கைவிடப்பட்ட குறளர் (நோம் இனத்தார்) நகரமொன்றின் ஆழத்தில் வாழும், இறந்தும் மந்திரத்தால் நடமாடும் கருப்பு டிராகன். மந்திரக் கல்வியில் ஊறிய இவனை உயர்நிலைக் குழுவின் முன் மட்டுமே நிறுத்த முடியும் என்பதால் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். 'டிராகன்களின் காலன்', 'பறக்கும் தழல்' என்று இரு பெயர்களும் கொண்ட பலகோஸைப் பயன்படுத்த விரும்புபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மனிதர்கள் அவனைத் தழல் என்று அழைக்கட்டும், மற்ற டிராகன்கள் மட்டும் காலன் என்று அழைக்கட்டும். தன் இனத்தையே கொன்று குவிப்பவன் அவன். அந்தப் பெயரை ஒரு டிராகன் தயங்கித் தயங்கிச் சொல்வதைக் கேட்கும்போதுதான், தாங்கள் யாரைத் தேடிப் போகிறோம் என்பது ஆட்டக்காரர்களுக்குப் புரியும்.